இயந்திரத்துக்கு ஒரு பங்கு

2025 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை. எழுந்ததும் முற்றம் கூட்டினேன். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தேநீரைக் குடித்தபடி நாட்குறிப்பில் வழக்கமான மூன்று வரிகளை எழுதினேன். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று விடியும் முன்பே தொடங்கிவிட்டது. வாவியில் தண்ணீர் துறையின் இரண்டாம் படிக்குக் கீழே நிற்கிறது. அண்ணன் தோணியோடு போய்விட்டார். பிறகு முன்னறைக் கதவைத் திறந்து, மேசையைத் துடைத்து, அன்றைக்கு வரவேண்டிய இரண்டு கடைக்காரர்களின் வரிக் கோப்புகளை எடுத்து வைத்தேன்.

என் வேலைநாள் எப்போதும் இப்படித்தான் தொடங்கும். அன்றைக்கு மட்டும், எடுத்த கோப்புகளை மறுபடி அலுமாரிக்குள் வைத்தேன். கடைக்காரர்கள் இருவருக்கும் போன் செய்து சனிக்கிழமை வரச் சொன்னேன். கொழும்பிலிருந்து ஒரு முதலீட்டாளர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

நான் மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்குப் பார்க்கிறவள். அண்ணனின் வீடு பக்கத்து வளவு. போக வர வேலியில் ஒரு கடப்பு வைத்திருக்கிறோம். அவர் வாவியில் கூடு வைத்து நண்டு பிடிக்கிறவர். அவருடைய மகள், என் மருமகள், கணினிப் பொறியியல் படித்துக் கொழும்பில் சில வருடம் வேலை செய்தவள். போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அப்பாவின் வலைக் கொட்டிலில் ஒரு கம்பனி தொடங்கினாள். இப்போது அவளுக்கு டோஹாவில் ஒரு நல்ல வேலை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து வருகிறவர் பணம் போட்டால் அவள் இங்கே இருப்பாள், கொட்டிலில் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் வேலை இருக்கும். போடாவிட்டால் கம்பனியை மூடிவிட்டு டோஹாவுக்குப் போவாள்.

கம்பனி செய்வது என்ன என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். எங்கள் நண்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிறது. ஓடு நிறையச் சதை இருந்தால்தான் அங்கே விலை. பழைய ஓட்டைக் கழற்றிக் கொஞ்ச நாளே ஆன நண்டு வெளியில் பார்க்கப் பெரிதாக இருக்கும். உள்ளே தண்ணீர்தான். அதைத் தண்ணி நண்டு என்போம். பிடிக்கிறவர் வயிற்றுப் பக்கத்தை விரலால் அமர்த்திப் பார்த்துச் சொல்வார். வாங்குகிறவரும் அமர்த்திப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நண்டை அமர்த்தி இரண்டு பதில் சொல்வதுதான் துறையில் அன்றாடச் சண்டை. என் மருமகள் ஒரு மரப்பெட்டி செய்வித்தாள். மேலே கண்ணாடி, உள்ளே விளக்கு. கால் கட்டிய நண்டைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தைக் கீழிருந்து விட்டு, மேலிருந்து போன் கமெராவால் படம் எடுக்க வேண்டும். படம் எங்கேயோ வெளிநாட்டில் வாடகைக்கு ஓடும் கணினிக்குப் போகும். அது பார்த்துச் சதை நண்டா தண்ணி நண்டா என்று சொல்லும். அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் கொட்டிலில் இருக்கும் நான்கு பெண்களின் வேலை. ஏற்றுமதிக்காரர் நண்டைத் திறந்து பார்த்த முடிவை அனுப்புவார். அவர்கள் அந்த முடிவை அதே நண்டின் படத்தோடு சேர்த்து, எந்த இடத்தில் வெளிச்சம் எப்படி ஊடுருவியிருக்கிறது என்று எல்லை வரைந்து குறிப்பார்கள்.

கம்பனி தொடங்கிய காலத்தில் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. நான் நிலையான வைப்பின் ஆள். நாடு வங்குரோத்தாகி, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் வங்கி வட்டி என் அனுபவத்தில் காணாத உயரத்துக்குப் போனது. என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தவர்களுக்கெல்லாம், இருக்கிறதை வைப்பில் போடுங்கள் என்றேன். கொழும்பின் பெரிய பணமும் அதையேதான் செய்தது. அரசாங்கத்தின் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலை வாங்கிவிட்டுச் சும்மா இருந்தாலே பணம் பெருகும்போது, ஒரு சின்னப் பிள்ளையின் யோசனைக்கு யார் பணம் கொடுப்பார்?

பிறகு மத்திய வங்கி வட்டியைக் கீழே கொண்டு வந்தது. அதை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் மேசையில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வைப்பு முதிர்ந்தவர்கள் புதிய வட்டி வீதத்தைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள். "வேற எங்கயாவது போடலாமா அக்கா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது எனக்குப் பிடிக்கவுமில்லை. அதனால் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தை முதலில் திறக்கும் பழக்கம் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கதைபோல அது என்னை இழுத்துக்கொண்டது. அமெரிக்கா இறக்குமதி வரியைக் கூட்டுகிறது, தையல் ஆலைகள் தடுமாறுகின்றன, வெளிநாட்டுக்குச் சேவை விற்கிறவர்களின் வருமானத்துக்கும் இங்கே வரி வருகிறது, உலகத்துப் பணம் எல்லாம் செயற்கை நுண்ணறிவை நோக்கி ஓடுகிறது. இத்தனையும் எங்கள் கொட்டிலுக்குள் வந்து முடிகிறது! நான்கு பெண்களில் ஒருத்தி தையல் ஆலையை விட்டு வந்தவள். மருமகளின் வருமானம் டொலரில் வரும், அதற்கு நான்தான் வரி எழுதுவேன். இந்த ஆண்டு என் வைப்பு முதிர்ந்தபோது அதைப் புதுப்பிக்காமல் கம்பனியில் போட்டேன்.

ஆனால் வெளியாரின் பணம் வரவில்லை. முதலாவது முதலீட்டாளர், இதை எத்தனை ஆயிரம் பேர் தரவிறக்கினார்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டாமவர் வேறுவிதமாகச் சொன்னார். பெரிய வெளிநாட்டுக் கம்பனிகளின் செயற்கை நுண்ணறிவு அடுத்த வருடமே இதை இலவசமாகச் செய்துவிடும், அதனால் இப்படியான சின்னக் கம்பனிகளில் இனிப் பணம் போடுவதில்லை என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் மருமகள் டோஹாவுக்கு விண்ணப்பம் போட்டாள். அன்றைக்கு வருகிறவர் மூன்றாமவர். இவருக்கு அனுப்பும்படி பங்கு அட்டவணை ஒன்று தயாரிக்கச் சொல்லி என்னிடம் கேட்டாள்.

அந்த அட்டவணையால் எங்கள் அடுப்படியில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் வியாழக்கிழமை நடந்தது விளங்காது.

எங்கள் துறையில் பிடித்து வந்ததை விற்றுச் செலவைக் கழித்தபின் பங்கு பிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. தோணிக்கும் பங்கு உண்டு, வலைக்கும் பங்கு உண்டு. தோணியின் பங்கை அதன் சொந்தக்காரர் வாங்குவார், ஆனால் தின்றுவிட முடியாது. பலகை உக்கும்போது மாற்றவும், தார் பூசவும், கடைசியில் புதுத்தோணி வாங்கவும் அதுதான். நான் அட்டவணையை ஐந்து பங்காகப் போட்டிருந்தேன். மருமகளுக்கு இரண்டு, நான்கு பெண்களுக்கும் சேர்த்து ஒன்று, நண்டு கொடுக்கும் அண்ணனுக்கும் கூட்டாளிகளுக்கும் ஒன்று, முதல் போட்ட எனக்கு ஒன்று. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, பெட்டிக்குப் பங்கு எங்க?"

"எந்தப் பெட்டிக்கு?"

"நண்டு பாக்கிற பெட்டிக்கு. அதுக்குள்ள இரிக்கிற மூளைக்கு. ஆளுக்குப் போட்டிருக்காய், ஆத்துக்குப் போறவனுக்குப் போட்டிருக்காய். வேலை செய்யிற சாமானுக்கு ஒண்டும் இல்ல."

வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்றுதான் சொல்வோம்.

"மூளை பெட்டிக்குள்ள இல்ல அண்ணன். அது வெளிநாட்டில வாடகைக்கு ஓடுது. நாம மாதாமாதம் காசு கட்டுறம்."

"வாடகைத் தோணி எண்டா பங்கு இன்னும் கூட. இது தெரியாதா உனக்கு?"

தையல் ஆலையிலிருந்து வந்த பெண் கதவடியில் நின்றாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, அதுக்குப் பங்கு குடுத்தா அது எங்க கையெழுத்து வைக்கும்?" என்றாள்.

"உன்னைப்போல வாயடிக்காம வேலை செய்யுதெல்லுவா? அது காணும், வேற என்ன வேணும்?"

எனக்குச் சட்டம் தெரியும். ஒரு கம்பனியின் பங்கு ஓர் ஆளின் பெயரிலோ இன்னொரு கம்பனியின் பெயரிலோதான் இருக்கலாம். அதைச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. நான்கு பெண்களும் அண்ணன் பக்கம் சாய்ந்தார்கள். மருமகள் நகத்தைக் கடித்தபடி, "அப்பா சொல்றதில ஒரு ஞாயம் இரிக்கு மாமி. ஒவ்வொரு மாசமும் அந்த வாடகைக்குத்தான் நான் முழிக்கிறன்" என்றாள். கடைசியில் ஐந்தை ஆறாக்கினேன். ஆறாவது வரியில் 'இயந்திரம்' என்று எழுதி, உரியவரின் பெயர் வரவேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டேன். என் தொழிலில் நான் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடுகிறவள் அல்ல. அன்றைக்கு விட்டேன்.

வியாழக்கிழமை அண்ணன் நண்டோடு கரைக்குத் திரும்பிய கையோடு, வெயில் ஏறுவதற்கு முன்னரே முதலீட்டாளர் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, முகம் கழுவி, தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். நண்டைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தோம். அவர் பையிலிருந்து என் அட்டவணையை எடுத்தார். ஆறாவது வரியைச் சிவப்பு மையால் சுற்றி வளைத்திருந்தார்.

"இது யாரு?" என்றார்.

அண்ணன் கழுத்தை நீட்டிச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். முதலீட்டாளர் தொடர்ந்தார்.

"எங்கட முதலீட்டுக் கமிட்டியில ரெண்டு நாளா இந்த வரியப் பத்தித்தான் கதை. ஆறில ஒரு பங்கு. பெயர் இல்ல. யாரோ அரசியல்வாதியை ஒளிச்சு வச்சிருக்கீங்க எண்டு ஒருத்தர் சொல்றார். அப்படியெண்டா நான் இப்பவே கார்ல ஏறணும்."

"அரசியல்வாதிக்கு ஆறில ஒண்டு காணுமா மிஸ்?" என்றாள் தையல் ஆலைப் பெண்.

முதலீட்டாளர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய உதடு வெளிறிப் போயிருந்தது. அந்த வெறுமையான கட்டம் என் கையால் விடப்பட்டது. அதனால் நானே எழுந்து விளக்கம் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன், துறையின் வழக்கத்தையும் சொன்னேன். நடுவில் அண்ணன் புகுந்து தோணி, தார், பலகை என்று முழுவதையும் சொல்லி முடித்தார். முதலீட்டாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "சரி. முதல்ல நண்டப் பாப்பம்" என்றார்.

கொட்டிலில் இரண்டு கூடை வைத்திருந்தோம். ஒன்றில் அண்ணன் அன்று காலையில் கொண்டு வந்தவை. மற்றது வடக்கே பனிச்சங்கேணியிலிருந்து முந்தின நாள் பின்னேரம் வந்தது. எங்கள் துறைக்கு வெளியே உள்ள நண்டையும் காட்ட வேண்டும் என்று மருமகள் சொல்லி எடுப்பித்திருந்தாள். முதலீட்டாளர் தானே இரண்டு கூடையிலிருந்தும் தெரிந்தெடுத்தார். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏறியது. வெளிச்சம் ஓட்டின் ஊடாக மஞ்சளாகவும் சில இடங்களில் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தது. போனில் பதில் வரும்வரை எல்லோரும் அதை எட்டிப் பார்த்தபடி நின்றோம். அதே நண்டை அண்ணனும் அமர்த்திப் பார்த்துத் தன் பதிலைச் சொன்னார். நான் இரண்டையும் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அவித்தோம்.

அவித்த நண்டைத் திறக்கும்போது இருந்த பரபரப்பை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. பரீட்சை முடிவு வரும் நாளைப்போல என்றால் ஓரளவு சரி. முதல் நண்டு சரி. அடுத்ததும் சரி. தண்ணி நண்டு என்று பெட்டி சொன்னதைத் திறந்தபோது, கையெல்லாம் தண்ணீர். பெண்கள் கை தட்டினார்கள். முதலீட்டாளரே சட்டைக்கையை மடித்துவிட்டு உடைக்கத் தொடங்கினார். கடைசிக்கு முந்தினது பனிச்சங்கேணி நண்டு. பெட்டி சதை நண்டு என்றது. அண்ணனும் அமர்த்திப் பார்த்துச் சதை என்றார். உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை. நூல்போல் கொஞ்சம் சதை, மற்றதெல்லாம் தண்ணீர்.

பெண்கள் கை தட்டுவதை நிறுத்தினார்கள்.

"நானும் ஏமாந்திட்டன்" என்றார் அண்ணன், உடைந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "கல்லுப்போல இருந்தது."

"இது எப்படி?" என்று முதலீட்டாளர் மருமகளிடம் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு சாட்டுச் சொல்லியிருப்பார்கள். மருமகள் ஓட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்த ஓடு கறுப்புக் கூட. வெளிச்சம் குறைவாத்தான் உள்ள போகுது. வெளிச்சம் மறைச்சா சதை எண்டு இது படிச்சு வச்சிருக்கு. நாங்க படிப்பிச்ச படம் முழுக்க இந்தப் பக்கத்து நண்டு. அந்தப் பக்கத்தில இது இன்னும் எத்தனை தரம் பிழைக்கும் எண்டு எனக்குத் தெரியா" என்றாள்.

நண்டுக் கறியோடு சோறு சாப்பிட்டோம். பரீட்சைத் தாளையே கறியாக்கிச் சாப்பிடுகிறோம் என்று தையல் ஆலைப் பெண் சொன்னாள். சாப்பாட்டின்போது முதலீட்டாளர் மனம் விட்டுப் பேசினார். வட்டி குறைந்ததால் கொழும்பில் பணம் வெளியே வந்திருக்கிறது, ஆனால் செயற்கை நுண்ணறிவு வந்தபின் அதை எங்கே போடுவது என்று அவருடைய ஆட்களுக்கே குழப்பம் என்றார்.

"முந்தி நாங்க கேட்டது ஒண்டுதான். எத்தனை பேர் பாவிக்கிறாங்க? இப்ப அந்தக் கேள்வி செத்துப்போச்சு. யார் வேணுமெண்டாலும் ஒரு கிழமையில ஒரு ஆப் செய்யலாம். இப்ப ரெண்டு கேள்வி. வேற ஒருத்தரிட்டையும் இல்லாத எதாவது உங்கட கையில இருக்கா? கம்பியூட்டர் வாடகை உங்களை விழுங்குமா விழுங்காதா? ரெண்டாவதுக்கு ஒருத்தரும் எனக்கு ஒழுங்கான பதில் சொன்னதில்ல. நாங்க குடுக்கிற காசு கம்பனிக்காரங்கட கையால அப்படியே வாடகைக்குப் போகுது. கேட்டா வளர்ச்சி எண்டு சொல்றாங்க."

"அதுக்குத்தானே பங்கு வச்சம்" என்றார் அண்ணன், நண்டுக் காலைக் கடித்தபடி.

"அண்ணா, அந்த வரி பிழையான இடத்தில இருக்கு. இயந்திரம் பங்குதாரர் ஆகேலாது. நான் அத வெட்டத்தான் வேணும்."

"வெட்டினா மறுகா வாடகை ஆர் கட்டுறது?"

"அதத்தான் நானும் யோசிக்கிறன்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, சிங்கப்பூரிலிருந்து டொலரில் வருமானம் வந்தால் புதிய வரி எப்படி என்று கேட்டார். நான் எழுந்து போய் வரிக் கோப்பைக் கொண்டு வரவில்லை. எல்லாம் தலையில் இருந்தது. அந்த வரி வந்த ஏப்ரலுக்கு முன் எப்படி, பின் எப்படி, எந்தச் செலவு கழியும், எது கழியாது என்று வரிசையாகச் சொன்னேன். நான் பேசிக்கொண்டு போக, என் குரல் உயர்ந்துகொண்டே போனது. மருமகள் மேசைக்குக் கீழே என் காலை மெதுவாக மிதித்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் முதலீட்டாளர் தன் நிபந்தனையைச் சொன்னார். பணம் போட்டால், மருமகள் நான்கு வருடம் கம்பனியை விட்டுப் போகக்கூடாது. மருமகள் டோஹாவைப் பற்றி மறைக்காமல் சொன்னாள்.

"நாளைக்குப் பின்னேரம் நான் பதில் சொல்லவேணும். நீங்க இண்டைக்கே சொல்லுவீங்களா?"

"நான் ஓம் எண்டு சொல்லலாம். கமிட்டி சொல்லணும். இப்ப கதைக்கிறன். ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டன். அந்தக் கறுப்பு நண்டு என்ட மனசில நிக்குது."

போனை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். நாங்கள் கொட்டில் வாசலில் நின்று பார்த்தோம். கச்சான் காற்றில் அவருடைய தலைமுடி பறந்தது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு கரை நெடுகிலும் நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். ஒருமுறை கையை விரித்தார். "இல்ல எண்டு சொல்றாங்க போல" என்றாள் தையல் ஆலைப் பெண். "வாய வச்சிக்கிட்டு இரிகா" என்று அண்ணன் அதட்டினார். பிறகு, தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடையைத் தூக்கித் தள்ளி வைத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

மருமகள் கரையைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் இருந்துகொண்டு போனில் எதையோ எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, எழுத்துப் பிழை இரிக்கா எண்டு பாருங்க."

ஆங்கிலத்தில் நான்கு வரி. டோஹாவுக்கு. நன்றி, வருந்துகிறேன், வரமுடியாது.

"என்ன புள்ள இது? அவ இன்னும் திரும்பி வரயில்ல. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் இரிக்கே."

"அவ வந்து இல்லையெண்டு சொன்னாலும் நான் பனிச்சங்கேணிக்குப் போகத்தான் வேணும். அந்த நண்டு என்னத்துக்கு என்னை ஏமாத்தினது எண்டு தெரியாம நான் டோஹாவில இருந்து என்ன செய்யிறது? நித்திரை வராது."

"காசு?"

"உங்கட வைப்புக் காசில மூணு மாச வாடகை மிச்சம் இரிக்கெல்லுவா? அதுக்குள்ள பாப்பம்."

நான் யோசித்தேன். என் வாழ்க்கையில் எந்தத் தீர்மானத்தையும் நான் ஒரு இரவு வைத்திருந்து பார்க்காமல் எடுத்ததில்லை. அவளுக்கும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் காலையில் இருந்த வெளிறல் போய்விட்டிருந்தது. சின்ன வயதில் வீட்டு வானொலியைக் கழற்றிப் பரப்பிவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை. இரண்டாம் வரியில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அதைக் காட்டினேன். அவள் திருத்திவிட்டு அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணனிடம் சொன்னோம். அவர் மகளைப் பார்த்தார். "டோஹாவில நண்டு இல்லத்தான்" என்றார். பிறகு திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

முதலீட்டாளர் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலில் மண் ஒட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பாதி."

"பாதி எண்டா?" என்று அண்ணன் கேட்டார்.

"கேட்டதில பாதிக் காசு இப்ப. மற்றப் பாதி, அந்த வடக்கு நண்டை இது சரியாச் சொன்னாப் பிறகு. ஆறாவது வரிய அட்டவணையில இருந்து வெட்டுறம். ஆனா ஒப்பந்தத்தில ஒரு விதி வருது. லாபம் பிரிக்க முதல் ஒரு பங்கை எடுத்து இயந்திரச் செலவுக்கு வைக்கணும். அத ஒருத்தரும் தொடேலாது, நாங்களும் தொடேலாது. கமிட்டியில அந்த விதிய விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு நேரம் போனது. தோணி எண்டா என்னெண்டு கேக்கிறாங்க. தார் பூசுறது வரைக்கும் சொன்னன்."

"பலகை மாத்திறதையும் சொன்னீங்களா?" என்றார் அண்ணன்.

"அத விட்டிட்டன்."

"அதுதான் பாதி தந்திருக்காங்க."

அப்போது கொட்டிலுக்குள் எழுந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த வளவில் நாய் குரைத்தது. பெண்கள் மருமகளைக் கட்டிப் பிடித்தார்கள். முதலீட்டாளர் அவளிடம், "டோஹாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

"சொல்லிட்டன்."

"எப்ப?"

"நீங்க கரையில நடந்துகொண்டிருக்கேக்க."

முதலீட்டாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். "இது முதலே தெரிஞ்சிருந்தா நான் கமிட்டியோட இவ்வளவு சண்டை பிடிச்சிருக்க மாட்டன்" என்றார். அது குற்றமா பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது, ஒப்பந்தத்தின் அந்த ஒரு விதியை மட்டும் நானே தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் அவர் எழுதிப் பார்த்த மூன்று வடிவமும் வழக்கறிஞர் எழுதியதுபோல இருக்கிறதாம், அண்ணன் சொன்னதுபோல இல்லையாம்.

அன்று இரவு நாட்குறிப்பில் எப்போதும்போல மூன்று வரியில் முடிக்க நினைத்தேன். முடியவில்லை. பக்கம் முழுவதும் எழுதி, ஓரத்திலும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விடியும் முன் நான் முற்றம் கூட்டவில்லை. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. எழுந்ததும் முதல் வேலையாகக் கடப்பைத் தாண்டிப் போய், விளக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தை மருமகள் பிடிக்க மறுபக்கத்தை நான் பிடித்து, வீதிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் பஸ் வந்தது. மட்டக்களப்பில் இறங்கி, பனிச்சங்கேணிப் பக்கம் போகும் பஸ் மாற வேண்டும். கண்ணாடி உடையாமலிருக்கப் பெட்டியை யன்னல் ஓரச் சீட்டில் வைத்து, மருமகள் அதைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். நான் பின் சீட்டில் இருந்தேன். கொண்டக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"அக்கா, சீட்டில இருந்தா அதுக்கும் டிக்கட் எடுக்கணும்."

"ஓம் தம்பி, தாங்க" என்றேன். மூன்று டிக்கட் எடுத்தேன்.